பன்னிரண்டு விநாடி மூலவர்

எங்கள் ஊரில் ஃபிளெக்ஸ் பேனரில் வட்டத்துக்குள் ஒரு சாதாரண முகம் இருந்தால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஆபீஸுக்குப் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸின் ஜன்னல் வழியாக, ஒரு தியேட்டர் வாசலில் கட்டியிருந்த பேனரின் மூலையில், வட்டத்துக்குள் என் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குக் காது ஏற்கெனவே குத்தியாகிவிட்டது. கல்யாணம் நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவள் என் கையால் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போயிருந்தாள். அந்த நினைப்பெல்லாம் உதவவில்லை. உடனே ஃபோன் செய்தேன். நான்காவது மணியில் எடுத்தாள்.

"என்னம்மா, எக்ஸாம் ஹால் வாசல்ல நிக்கறேன்."

"நல்லா இருக்கியா?"

"கேள்வித்தாளைப் பாத்துட்டுச் சொல்றேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து வந்து பேனரைப் படித்தேன். நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பெரிய கதாநாயகர். அவர் தலைக்கு மேல், 'ஸ்ரீரங்கமே சொல்லிவிட்டது, எங்கள் அண்ணன்தான் மூலவர்' என்று எழுதியிருந்தது. மூலை வட்டத்துக்குள் என் மகள், ஏதோ சொல்ல ஆரம்பித்து வாய் பாதி திறந்த நிலையில் இருந்தாள். கீழே 'பிரபல விமர்சகர்' என்று போட்டிருந்தார்கள். அன்று ஆபீஸில் மூன்று கோப்புகளில் தேதியைத் தவறாக எழுதினேன்.

என் மகள் கணிதம் முதலாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு வருடமாக யூடியூபில் சினிமா விமர்சனம் செய்கிறாள். விமர்சனம் என்றால் தியேட்டர் வாசலில் மைக்கைப் பார்த்ததும் பாய்ந்து வந்து, "ஃபர்ஸ்ட் ஹாஃப் தீ, செகண்ட் ஹாஃப் லேக், ஒரு வாட்டி பாக்கலாம்" என்று கத்துவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த மூன்று வாக்கியங்களை எந்தப் படத்துக்கும் பொருத்தலாம். ஒருமுறை என் கணவருக்குப் பொருத்திப் பார்த்தேன், சரியாகவே வந்தது. இவள் அப்படிச் செய்வதில்லை. பீரோவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு காட்சியில் கேமரா எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று பொறுமையாகச் சொல்வாள். அதனால் அவளுக்குப் பார்வையாளர்கள் என்று இருந்தது என் தங்கை, வகுப்புத் தோழிகள் இரண்டு பேர், எதற்கும் 'நைஸ்' என்று போடும் முசிறிக்காரர் ஒருவர்.

இந்தக் கலையை அவள் கற்றது எங்கள் ஹாலில்தான். நான் ஏழிலிருந்து ஒன்பது வரை சீரியல் பார்க்கிறவள். மாமியார் "எனக்கு எல்லாம் தெரியும்" என்பார். உடனே கேமரா அறையில் இருக்கும் ஒவ்வொரு முகத்தின் மேலும் மும்மூன்று முறை பாயும். சமையல்காரியையும் விடாது. இடி இடிக்கும். என் மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, "அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்க" என்றாள் ஒருநாள். அதற்குப் பிறகு என்னால் எந்தச் சீரியலையும் கண்ணீர் விட்டுப் பார்க்க முடியவில்லை. யாராவது ரகசியத்தை உடைத்தால், யார் இன்று ஆப்சென்ட் என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். நல்ல விமர்சனம் செய்கிற கெடுதல் இதுதான் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பேனருக்குக் காரணமான விமர்சனத்தை நான் சமையலறையிலிருந்து கேட்டிருந்தேன். அந்தக் கதாநாயகரின் புதுப் படம். அவர் திரையில் தோன்றும் முதல் காட்சியைப் பற்றி அவள் சொன்னது இது:

"முதல்ல செருப்பு தெரியுது. அப்புறம் வேட்டிக் கரை. அப்புறம் கை, காப்பு, தோள். முகம் கடைசியிலதான். இது பாதாதிகேசம், எங்க ஊர்க் கோயில்ல சேவிக்கிற வரிசை. இந்தப் படத்துக்கு ஹீரோதான் மூலவர். அவர் அசையமாட்டார். முகத்துல ஒரு தசைகூட அசையாது. கேமராதான் அவரைச் சுத்திப் பிரதட்சிணம் வருது. வில்லன் தானா வந்து கால்ல விழறான். கதை வாசல்ல உக்காந்து செருப்புக்குக் காவல் இருக்கு."

கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அந்தப் பெருமைக்குக் கிடைத்த தண்டனைதான் பேனர் என்று பிறகு தோன்றியது.

ரசிகர்கள் அந்த விமர்சனத்தில் 'முதல்ல செருப்பு தெரியுது' என்பதில் தொடங்கி 'ஹீரோதான் மூலவர்' என்பதோடு வெட்டிவிட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு விநாடி. அதற்குப் பின்னணியில் உறுமி மேளம் சேர்த்து, என் மகளின் தலைக்குப் பின்னால் தீ எரிய விட்டிருந்தார்கள். தீயில் எங்கள் பீரோ நன்றாகத்தான் தெரிந்தது. அந்தத் துண்டு எல்லாருடைய ஃபோனிலும் சுற்றியது. என் தங்கை ஐந்து பேரிடமிருந்து அதைப் பெற்றிருந்தாள். முசிறிக்காரர் அதற்கும் 'நைஸ்' போட்டிருந்தார்.

"பாதியில கட் பண்ணிட்டாங்கம்மா" என்று சிரித்தாள் என் மகள்.

"நல்லதாப் போச்சு. புகழ்ந்ததாவே இருக்கட்டும்."

"நான் புகழலையே."

"அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதாதா?"

என்னைப் பார்த்தாள். செகண்ட் ஹாஃப் தொடங்கிவிட்டது என்ற பார்வை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாம் மாடி மாமா கீழே இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். தினமும் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் அவருக்கு மற்ற வேலை. எங்கள் பூர்வீகம் லால்குடிப் பக்கம், வயல்காரக் குடும்பம். கோயில் விஷயங்களில் எனக்குச் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பேன். அவர் வந்தபோது மகள் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாள். துவாக்குடியில் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் என் கணவருக்கு, வீட்டில் பிரச்சினை வரும் ஞாயிறுகளில் மட்டும் தவறாமல் ஓவர்டைம் கிடைத்துவிடும். ஆக, நான் மட்டும்தான் இருந்தேன்.

"குழந்தை இல்லையோ? உங்ககிட்டயே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார் மாமா. "ஒரு சினிமாக்காரனைப் போய் மூலவர்னு சொல்றது அபசாரம். அதுவும் ஸ்ரீரங்கத்திலே இருந்துண்டு. பேனர்லே ஊர்ப் பேரை வேற போட்டுட்டா. கோயில்லே நாலு பேர் என்னண்ட கேக்கறா, உங்க ஃப்ளாட்ஸ் பொண்ணாமேன்னு."

நான் வாயைத் திறப்பதற்குள் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் ஐந்து இளைஞர்கள். முன்னால் நின்றவருக்குத் தாடி. சட்டையில் கதாநாயகரின் முகம். கையில் சால்வை. பின்னால் நின்ற ஒருவரிடம் நினைவுப் பரிசு.

"வணக்கம்மா. நாங்க நற்பணி மன்றம். தங்கச்சியை கௌரவிச்சிட்டுப் போலாம்னு வந்தோம்."

வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைக்க எனக்குத் தெரியாது. உள்ளே வரச் சொல்லி, ஆறு டம்ளர் காபி போட்டேன். மாமா, "நான் வெளியிலே ஒண்ணும் சேர்த்துக்கறதில்லே" என்று டம்ளரைத் தள்ளி வைத்தார். தாடிக்காரர் மாமாவின் நெற்றித் திருமண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சாமி, நீங்களும் வீடியோ பாத்தீங்களா?"

"பார்த்தேன். முழுசும் பார்த்தேன்."

"முழுசுமா?" என்றார் பின்னால் இருந்தவர். பாத யாத்திரை போய் வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீங்கள்லாம் பார்க்கலையா?"

"எங்களுக்கு வேண்டியது இருந்துச்சு சாமி. கட் பண்ணிக்கிட்டோம்."

"அதுக்கு அடுத்த வரியிலே, அசையமாட்டார்னு சொல்றாளே."

"கரெக்ட்தான் சாமி. யாருக்கும் அசைய மாட்டாரு எங்க அண்ணன்."

"அப்படி இல்லேப்பா" என்று மாமா நாற்காலியின் நுனிக்கு வந்தார். முப்பது வருடம் வகுப்பெடுத்தவர். எதிரே ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அவரால் தாங்க முடியாது.

"மாமா, மாடியில தண்ணி மோட்டார் ஓடிட்டே இருக்கு போலிருக்கு" என்றேன்.

"ஓடட்டும். பெருமாள் வீதியிலே எழுந்தருள்றச்சே வர்றவர் உற்சவர். மூலவர் ஸ்தானத்தை விட்டு அசையமாட்டார். லோகம்தான் அவரைத் தேடிண்டு போகும். அவர் அசையாததுக்கு ஓர் அர்த்தம் இருக்கு. ஒரு நடிகர் அசையலேன்னா என்ன அர்த்தம்?"

நினைவுப் பரிசு வைத்திருந்தவர் அதை மடியிலிருந்து தரையில் இறக்கி வைத்தார்.

"நடிக்கலேன்னு அர்த்தம்" என்றார் மாமா. பேச்சு சுவாரஸ்யத்தில் தள்ளி வைத்த காபியை எடுத்துக் குடித்துவிட்டார்.

"அண்ணே, கலாய்ச்சிருக்காங்களா?" என்றார் நினைவுப் பரிசுக்காரர் மெதுவாக.

"இருடா."

"இதுக்கு நிந்தா ஸ்துதின்னு பேர். ஸ்தோத்திரம் பண்றாப்பலே நிந்திக்கறது. தமிழ்லே என்ன சொல்வா..."

"வஞ்சப்புகழ்ச்சி அணி" என்றார் தாடிக்காரர். குரல் இறங்கியிருந்தது. "பத்தாவதுல வந்துச்சு சாமி. ரெண்டு மார்க்."

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "பேஷ். அதேதான். கதை வாசல்லே உக்காந்து செருப்புக்குக் காவல் இருக்குன்னாளே, என்ன அழகாச் சொல்லியிருக்கா குழந்தை. பேனரைப் பார்த்த கோபத்திலே எனக்கும் இது இப்பத்தான் தோணித்து."

இரண்டு வருடமாக என் மகள் காத்திருந்த ரசிகர் அவர்தான். கேமரா, வெட்டு, வரிசை எல்லாவற்றையும் புரிந்துகொண்டு பாராட்டிய ஒரே ஆள். வேறு எந்த ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அவருக்குப் பாயசம் வைத்திருப்பேன்.

தாடிக்காரர் சால்வையைப் பார்த்தார். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் மடித்துக்கொண்டார்.

"அப்போ அபசாரமே இல்லே" என்று மாமா தொடர்ந்தார். "அந்த நடிகரைக் கேலி பண்ணித்தான் சொன்னேன்னு குழந்தை எல்லாருக்கும் தெரியறாப்பலே ஒரு வார்த்தை சொல்லிடட்டும். கோயில் பக்கம் யாரும் தப்பா எடுத்துக்கமாட்டா."

"அப்படிச் சொன்னா எங்க பசங்க தப்பா எடுத்துக்குவாங்க சாமி" என்றார் தாடிக்காரர். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, புகழ்ந்துதான் சொன்னேன்னு தங்கச்சி ஒரு வீடியோ போடட்டும். நாளைக்குள்ள. நான் புரிஞ்சுக்குவேன். எல்லாப் பசங்களும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க. வீடு வேற எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

இதை அவர் மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார். போகும்போது, "காபி நல்லா இருந்துச்சும்மா" என்றார். மாமாவும் மாடிக்குப் போனதும் கதவைச் சாத்தி, மேல்தாழ்ப்பாளையும் போட்டேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். என்ன புகார் வந்தாலும் பதில் கடிதம் எழுதி அனுப்பத் தெரியும். என் மகள் வருவதற்குள் ஒரு தாளில் வரைவு தயார் செய்தேன். 'பொருள்: திரைப்பட விமர்சனத்தில் மூலவர் எனும் சொல்லாட்சி, தெளிவுரை தொடர்பாக. பார்வை: ஒன்று, நற்பணி மன்றத்தாரின் வாய்மொழிக் கோரிக்கை. இரண்டு, மூன்றாம் மாடி மாமா அவர்களின் வாய்மொழி ஆட்சேபணை' என்று தொடங்கினேன். முடிவாக, 'மேற்படி சொல், புகழ்ச்சி எனக் கருதுவோரால் புகழ்ச்சியாகவும் இகழ்ச்சி எனக் கருதுவோரால் இகழ்ச்சியாகவும் கொள்ளப்படலாம் எனத் தெரிவிக்கப்படுகிறது' என்று எழுதினேன். இருபத்திரண்டு வருட சர்வீஸில் இவ்வளவு நல்ல வரைவை நான் எழுதியதில்லை. யார் மேலும் படாது, எதுவும் சொல்லாது.

அவள் நின்றுகொண்டே படித்தாள்.

"எல்லா வாக்கியமும் படுகிறது, படுகிறதுன்னு முடியுது. யாரும்மா படறது?"

"நான்தான்" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். தாடிக்காரர் வீட்டைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதைக் கேமரா முன்னாடி படிச்சிடு. ரெண்டு நிமிஷம். முடிஞ்சுபோயிடும்" என்றேன்.

"முடியாதும்மா."

"உனக்குப் பயமே இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக அவர் நடிச்சிட்டாருன்னு சொல்லணுமா?"

அவள் சொல்வது சரி என்று தெரிந்ததால், அவளிடம் கேட்காமலே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். பெற்றவர்கள் அப்படித்தான் முடிவு செய்கிறோம்.

அவள் சேனலைத் தொடங்கியபோது பள்ளி மாணவி. அதனால் என் பேரில், என் ஃபோனில்தான் கணக்கு. திங்கட்கிழமை மதியம் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஃபோனைத் திறந்தேன். அந்த விமர்சனத்தை நீக்கினால் திரும்பக் கிடைக்காது என்று எச்சரித்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய கோப்பை அழிக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். இங்கே என் கட்டைவிரல் போதுமானதாக இருந்தது. அழுத்தினேன். பிறகு தயிர் சாதம் சாப்பிட்டேன். இறங்கவும் செய்தது.

மூன்று மணிக்குத் தாடிக்காரர் ஃபோன் செய்தார். என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. "ரொம்ப நன்றிம்மா. தங்கச்சி புரிஞ்சுக்கிட்டாங்க" என்றார். ஒரு தாய் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுக்ககத்தின் வாசலிலேயே மாமா நின்றிருந்தார். "என்ன, குழந்தை வீடியோவை அழிச்சுட்டா? முழுசா இருந்தவரைக்கும் கேக்கறவாகிட்ட அதைக் காட்டி, பாருங்கோ, கேலிதான்னு சொல்லிண்டிருந்தேன். இப்போ அந்தத் துண்டு மட்டும்னா சுத்திண்டிருக்கு. நிந்தை போயிடுத்து. ஸ்துதி மாத்திரம் மிச்சம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாடிப்படியில் ஏறி ஓடினேன்.

என் மகள் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டிருந்தது.

"உன்கிட்ட ஒரிஜினல் இருக்கும்ல?" என்றேன்.

"ஃபோன்ல இடம் இல்லன்னு அழிச்சிட்டேன். மேல போட்டதுதான் இருக்கேன்னு." பிறகு, "அந்தப் படத்தைப் பத்தி நான் சொன்னதுல இப்ப இருக்கறது பன்னெண்டு செகண்ட். நான் அவரோட ரசிகையாம்" என்றாள். ரசிகை என்ற சொல்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த நோயின் பெயரைப் படிப்பதுபோல் சொன்னாள்.

ரசிகர்கள் வெட்டினார்கள் என்று நான் எல்லாரிடமும் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் வெட்டியபோது முழு விமர்சனமும் பத்திரமாக இருந்தது. கடைசி வெட்டு என்னுடையது.

அந்த வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்தது. அவள் போகவில்லை. அடுத்த வெள்ளியும் போகவில்லை. வீடு நான் விரும்பியபடியே அமைதியாக இருந்தது. சாப்பிடும்போது கேட்டதற்குப் பதில் சொன்னாள். அந்த இரண்டாவது வெள்ளி இரவு என்னோடு உட்கார்ந்து சீரியல்கூடப் பார்த்தாள். திரையில் மூன்று முறை கேமரா பாய்ந்தபோது நான் அவளைப் பார்த்தேன், ஏதாவது சொல்வாள் என்று. "நல்லா நடிக்கறாங்கல்ல" என்றாள். தாடிக்காரரின் பால் பாக்கெட் குரலைவிட அது என்னை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் நாற்காலியைப் பீரோவுக்கு முன்னால் போட்டேன்.

"திரும்பச் சொல்லு" என்றேன்.

"எதை?"

"மூலவர்ல ஆரம்பிச்சு செருப்புக் காவல் வரைக்கும். நான் ஃபோனைப் பிடிச்சுக்கறேன்."

பிறகு போய்த் தலை வாரிக்கொண்டு வந்தாள்.

"இதை ஏற்கெனவே சொல்லியிருந்தேன்" என்று தொடங்கினாள். "அதை அழிச்சது நாங்கதான். பயந்துபோய் அழிச்சோம்." நாங்கள் என்று சொன்னாள். அது பன்மை இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு செருப்பிலிருந்து முகம் வரைக்கும், பிரதட்சிணம், வில்லன், கதை என்று எல்லாவற்றையும் சொன்னாள். முன்பைவிட நன்றாகவே சொன்னாள். என் கை ஆடிய ஆட்டத்தில் பீரோ ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் போய் வந்தார்கள்.

"இன்னொரு தடவை எடுக்கலாமா? ரொம்ப ஆடுது" என்றேன்.

"வேண்டாம். சொன்னது கேக்குதுல்ல."

முதலில் வந்த கருத்து, 'கேமரா ஒர்க் ரொம்ப ராவா இருக்கு பிரதர்' என்பது. அதற்குப் பிறகு வந்தவற்றை இங்கே எழுத முடியாது. ஒன்றுவிடாமல் படித்தேன். என் மகள் படிக்கவில்லை. தாடிக்காரர் எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினார்: 'அம்மா, தங்கச்சியை வண்டியில பாத்துப் போகச் சொல்லுங்க.' இது அக்கறையா மிரட்டலா என்று மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ரெண்டுக்கும் இடம் இருக்கு" என்றார். பத்து நாளில் அதே கதாநாயகரின் அடுத்த படத்துக்கு டீசர் வந்தது. எல்லாரும் அங்கே போய்விட்டார்கள்.

நான் இன்னும் போகவில்லை. காலிங் பெல் அடித்தால் எனக்கு முதலில் தெரிவது தாடிதான். அவள் வெள்ளிக்கிழமை தோறும் முதல் காட்சிக்குப் போகிறாள். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பியதும் நான் பூஜை அலமாரியின் முன்னால் நின்று, படம் நன்றாக இருக்க வேண்டும், குறை சொல்ல ஒன்றுமே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். தமிழ் சினிமா முன்னேற வேண்டும் என்று என்னைப் போல் உருகி வேண்டுகிறவர் வேறு யாரும் இருக்க முடியாது. இதுவரை பலிக்கவில்லை.